பின்னறை அடுப்பின் ஓட்டை

ஜுபைல்,
12 நவம்பர் 1978

ஜின்ஜு அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சவுதியில் குளிர்காலம் வந்துவிட்டது என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. மதியத்தில் கட்டுக்கம்பியைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் உரிந்து வருகிறது. சாயங்காலம் கொட்டகைக்குத் திரும்பிக் குளித்துவிட்டு உட்கார்ந்தால் பேச்சு எங்கே போகும் என்று நினைக்கிறாய்? கரிக்கட்டி அடுப்புக்குத்தான். வெளியே மணல் அனல் கக்குகிறது, உள்ளே வேர்வை வழிய உட்கார்ந்து அவனவன் வீட்டுத் தரையை எப்படிச் சூடாக்குவது என்று அடித்துக்கொள்கிறோம். சிரிக்காதே. சியோலில் பனி விழுந்திருக்கும் என்று தெரிந்தால் மனம் அங்கேதான் நிற்கிறது.

குவோன் என்று ஒருவன், கங்வொன் மலைப்பக்கத்து ஆள். அவன் சொன்னதைக் கேள். "அடுப்புக்கு எவ்ளோ காத்து குடுக்கறியோ அவ்ளோ காசு புகைக்கூண்டு வழியா ஓடிப் போவுது. கீழ இருக்கற காத்து ஓட்டையில துணியச் சுருட்டிச் செருகு. சும்மா ஒரு விரல் இடம் விடு. சாயங்காலம் வெச்ச கட்டி மறுநாள் மதியம் வரைக்கும் நிக்கும்டா" என்றான். இத்தனை வருஷம் இது நமக்குத் தோன்றவில்லையே! நமக்குப் பெரிய அறைக்கு ஓர் அடுப்பு, பின்னறைக்கு ஓர் அடுப்பு. இரண்டும் ராப்பகலாகத் தரைக்கு அடியில் கரியைத் தின்றுகொண்டிருக்கின்றன.

பின்னறை அடுப்பைத்தான் முக்கியமாகப் பார். வாடகைக்குள்ளேயே கரிச் செலவும் நம்முடையது என்று பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டேன். தல்சு என் பக்கத்துப் படுக்கைக்காரன், அவன் தங்கச்சி சுன்ரேக்கு இடம் வேண்டும் என்றபோது மறுக்க முடியவில்லை. ஆனால் அவள் அடுப்பு ஓட்டையை அகலத் திறந்துவைத்துக் கரியை எரித்துத் தள்ளுகிறாள் என்று எழுதியிருந்தாயே. இதைச் செய், சரியாகிவிடும். ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் அடித்துவிடு. தரைக்காகிதத்தில் கீறல் இருந்தால் மேலே இன்னொரு காகிதம் ஒட்டிவிடு. சூடு எங்கேயும் தப்பக்கூடாது.

உன் புருஷனுக்கும் மூளை இருக்கிறது என்று இப்போதாவது ஒத்துக்கொள்.

மன்கி


சியோல்,
28 நவம்பர் 1978

ஜின்ஜு அப்பாவுக்கு,

மூளை உங்களுடையதா குவோனுடையதா? முதலில் அதைத் தீர்த்துக்கொண்டு எழுதுங்கள்.

ஆனாலும் செய்துவிட்டேன். உங்கள் பழைய கால்சட்டையைக் கிழித்துச் சுருட்டிப் பெரிய அறை அடுப்பில் செருகினேன். வேலை செய்கிறது. கரிக்காரர் நேற்று வந்தவர், "என்னம்மா, வீட்ட காலி பண்ணிட்டீங்களா? கட்டியே செலவாகலையே" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. தரை மட்டும் முன்னைப் போல் சுடவில்லை. அடுப்பை ஒட்டிய தலைமாட்டில்கூட வெதுவெதுப்புத்தான். என் பிரமையாக இருக்கும்.

சுன்ரேதான் வழிக்கு வரமாட்டேன் என்கிறாள். துணியை எடுத்துக்கொண்டு போனதும் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். "வேணாம் அக்கா. எங்க ஊர்ல பக்கத்து வீட்டுல அம்மாவும் பொண்ணும் ராத்திரி படுத்தாங்க, காலையில எழுந்திருக்கவே இல்ல. அடுப்புக் கேஸ்தான். எனக்குக் குளிரினாலும் பரவால்ல, அடைக்காதீங்க" என்றாள். "அது கிராமத்து வீடுடி, தரையெல்லாம் வெடிச்சிருக்கும். நம்ம வீட்டுத் தரைக்கு ரெண்டு காகிதம் ஒட்டியிருக்கேன், பிளாஸ்டிக் மாதிரி இருக்கு. வாசன வந்தா தெரியாதா?" என்றேன். கேட்டால்தானே! காதுதான் பெரிசே தவிர, அதற்குள் ஏறவில்லை.

தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குனிந்து தைத்துவிட்டு வருகிறவள், படுத்தாளானால் கட்டைதான். அதனால் அவள் தூங்கின பிறகு நான் மெதுவாகப் பின்பக்கம் போய்த் துணியைச் செருகிவிட்டு வருகிறேன். விடிவதற்குள் எழுந்து எடுத்துவிடுகிறேன். அவளுக்குத் தெரியாது. திருட்டு வேலைதான், என்ன செய்ய? கரி நம்முடையது. தல்சுவிடம் உளறிவைக்காதீர்கள், அவன் அவளுக்கு எழுதிவிட்டால் என்னிடம் பேசமாட்டாள். நல்ல பெண். ஜின்ஜுவின் தலையை அவள்தான் பின்னிவிடுகிறாள்.

துசிம்


ஜுபைல்,
15 டிசம்பர் 1978

ஜின்ஜு அம்மாவுக்கு,

உன் கடிதத்தைக் கொட்டகையில் படித்துக் காட்டினேன். கரிக்காரர் கேட்டதைப் படித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். குவோன் மீசையை முறுக்கிக்கொண்டு திரிகிறான். இப்போது ஆளாளுக்கு அவரவர் வீட்டுக்கு இதையே எழுதுகிறார்கள். பின்னறைத் துணி விஷயத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் படித்தேன், பயப்படாதே. தல்சு எதிரில்தான் உட்கார்ந்திருந்தான்.

படிக்கும்போது எனக்கே கள்ளச் சிரிப்பு வந்தது. அவனும் சிரித்தான், எதற்கென்று தெரியாமல்.

தரை சுடவில்லை என்றால் எங்கோ சூடு கசிகிறது என்று அர்த்தம். காகிதம் இன்னோர் அடுக்கு ஒட்டு. துணியையும் இன்னும் கொஞ்சம் இறுக்கு.

தல்சு தங்கச்சியிடமிருந்து இந்த மாதம் கடிதம் வரவில்லை என்று புலம்புகிறான். "தைக்கறவளுக்கு ஊசி பிடிக்கத்தான் கை, பேனா பிடிக்க இல்ல" என்கிறான். ஒரு வரி எழுதச் சொல். அவளை விட்டால் அவனுக்கு ஆளே இல்லை.

மன்கி


சியோல்,
24 டிசம்பர் 1978

ஜின்ஜு அப்பாவுக்கு,

எல்லோரும் நலம். ஜின்ஜுவுக்குப் பள்ளி விடுமுறை. பனி நிறைய விழுந்திருக்கிறது.

அந்தத் துணி விஷயத்தை இனிமேல் எழுத வேண்டாம். யாருக்கும் படித்துக் காட்டவும் வேண்டாம். குவோன் சொன்னதைக் கேட்டு யாராவது வீட்டுக்கு எழுதியிருந்தால் அப்படிச் செய்யாதே என்று மறுபடி எழுதச் சொல்லுங்கள். தந்தி அடிக்க முடிந்தால் நல்லது.

சுன்ரேக்கு ஜலதோஷம். வேலைக்குப் போகவில்லை. அவள் தல்சுவுக்கு எழுதியதை உறையில் போட்டு ஒட்டி இதனுடன் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடுங்கள்.

துசிம்


ஜுபைல்,
5 ஜனவரி 1979

துசிம்,

தல்சுவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவன் என் படுக்கையில் உட்கார்ந்து பிரித்தான். முகமெல்லாம் பல். "பாருண்ணே, எப்படி எழுதியிருக்கா! பட்டணத்துக்குப் போனதும் கையெழுத்து முத்து முத்தா ஆயிடுச்சு. ஊர்ல கோழி கிண்டின மாதிரி எழுதுவா" என்று என் மூக்குக்கு நேராக நீட்டினான்.

நான் பார்த்தேன். அது உன் கையெழுத்து.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்து பார்த்துவருகிற எழுத்து எனக்குத் தெரியாதா? "அண்ணா, நான் நன்றாக இருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறேன்" என்று நீ எழுதியிருக்கிறாய். "ஆமாடா, நல்லா இருக்கு" என்றேன். அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனான்.

என்ன நடந்தது? அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா? மறைக்காமல் எழுது. என்னவாக இருந்தாலும் எழுது. கடிதம் வரும் வரை நான் இவன் பக்கத்தில்தான் படுக்க வேண்டும்.

மன்கி


சியோல்,
17 ஜனவரி 1979

ஜின்ஜு அப்பாவுக்கு,

உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலையில் நான் அசந்துவிட்டேன். ஜின்ஜுவுக்கு இரவெல்லாம் இருமல், விடியும் நேரத்தில்தான் கண் மூடினேன். எழுந்தபோது நன்றாக வெளுத்திருந்தது. சுன்ரே வேலைக்குப் போகிற நேரம் தாண்டிவிட்டது, அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

இனி எழுதப்போவதை யாரிடமும் சொல்லவில்லை. நான் முதலில் கதவைத் திறக்கவில்லை. பின்பக்கம் ஓடி அடுப்பிலிருந்து துணியை எடுத்தேன். கை சுட்டது. அதைப் பாவாடைக்குள் செருகிக்கொண்ட பிறகுதான் வந்து கதவைத் தட்டினேன், கத்தினேன். உள்ளே ஒரு பெண் செத்துக்கொண்டிருக்கிறாள், நான் துணியை ஒளித்துவைத்துக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்!

கதவை உடைத்தார்கள். அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். முகம் சிவந்து, கன்னமெல்லாம் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, "முகத்துல ரத்தம் ஓடுது பாரு, ஒண்ணும் ஆகல" என்று முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய்த் தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். கேஸ் அடித்தால் அதைக் கொடுத்தால் தெளிந்துவிடும் என்று நாமெல்லோரும் சொல்வோமே, நானும் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவும் கடைவாய் வழியாக வழிந்துவிட்டது. மூச்சுக்குழாயில் போயிருந்தால் நானே கொன்றிருப்பேன் என்று பிறகு டாக்டர் திட்டினார். பனியில் இழுத்துப்போட்டோம். டாக்ஸி சந்துக்குள் ஏறாது. தெருவரைக்கும் முதுகில் தூக்கிக்கொண்டு போனேன். என் கழுத்தில் அவள் தலை தொங்கிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் ஏற்றினார்கள். இளம் டாக்டர், கோபக்காரர். "இவ்ளோ கேஸ்னா காத்து ஓட்டைய அடைச்சிருக்கீங்க. யாரு அடைச்சது?" என்று சந்துக்காரர்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார். ஒருவரும் பேசவில்லை. நானும்தான். பக்கத்து வீட்டு அம்மா, "அந்தப் பொண்ணே அடைச்சிருக்கும் டாக்டர், குளிருக்குப் பயந்து" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். டாக்டர் சொன்னார்: "காத்த குறைச்சா கட்டி ரொம்ப நேரம் நிக்குது, மிச்சம்னு நெனைக்கறீங்க. அது எரியலம்மா, புழுங்குது. சூடு பாதிகூட வராது. மீதி விஷமா வரும். அதுக்கு வாசனையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. அதுக்கு மேல ஜன்னலுக்கு வேற பிளாஸ்டிக் அடிச்சிருப்பீங்க. அந்தப் பொண்ணு எங்க போய் மூச்சு விடும்?"

தரை ஏன் சுடவில்லை என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. இன்னோர் அடுக்குக் காகிதம் ஒட்டு, துணியை இறுக்கு என்ற உங்கள் கடிதம் அந்த வாரம்தான் வந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். உங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் நீங்களா தினமும் ராத்திரி செருப்பில்லாமல் பின்பக்கம் போனீர்கள்?

கண் விழித்ததும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அக்கா, மன்னிச்சிடுங்க. நான் ஓட்டைய சரியா பாக்காம படுத்துட்டேன் போல. உங்களுக்கு எவ்ளோ தொந்தரவு." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது வீட்டில் எங்களோடு பெரிய அறையில் படுக்கிறாள். நடக்கிறாள், சாப்பிடுகிறாள். கை நடுக்கம் நிற்கவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தொழிற்சாலையில் பெயரை எடுத்துவிட்டார்கள். பேனாவும் பிடிக்க வரவில்லை, அதனால்தான் நான் எழுதினேன். "அண்ணன் பயந்துடும், நல்லா இருக்கேன்னு எழுதுங்க அக்கா" என்று அவள்தான் சொன்னாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அவளுக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்கவில்லை. பழையதெல்லாம் தெரியும், ஆஸ்பத்திரியில் கண் விழித்தது வரைக்கும் தெரியும். இன்று சொன்னது நாளைக்கு இல்லை. சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் டாக்டர்.

தல்சுவிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவன் என்னை என்ன செய்தாலும் சரி.

துசிம்


ஜுபைல்,
28 ஜனவரி 1979

துசிம்,

உன் கடிதத்தைக் கழிப்பறையில் நின்றுகொண்டு படித்தேன். வேறு இடம் இல்லை. வெளியே வந்ததும் குவோனின் கழுத்தைப் பிடித்தேன். "உன் விரல்ல தீய வைக்க" என்று கத்தினேன். அவன் மிரண்டுபோய்விட்டான். அவன் மனைவியும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறாளாம். அன்றே தந்தி அடித்தான். நீ போன மாதமே சொன்னதை இப்போதுதான் செய்தேன், கொட்டகை முழுக்கப் போய் ஒவ்வொருவனிடமும் "ஓட்டையை அடைக்காதே என்று எழுது" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எங்கள் சந்தில் ஒரு வீட்டில் ஒரு பெண்ணுக்குக் கேஸ் அடித்துவிட்டது என்றேன். ஒரு வீட்டில்! என் வாய் அப்படித்தான் வந்தது.

பிறகு தல்சுவைத் தனியாகக் கூட்டிப்போனேன். கம்பிக் குவியலுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். சுன்ரேக்குக் கேஸ் அடித்துவிட்டது, நீ முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினாய், பிழைத்துவிட்டாள், நினைவு மட்டும் சரியில்லை என்றேன். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன், துசிம், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் அவன் தலையில் அடித்துக்கொண்டான். "அடைச்சிருப்பா அண்ணே. சின்ன வயசுலேயிருந்தே குளிருக்குப் பயந்தாங்கொள்ளி. என் புத்தியச் செருப்பால அடிக்கணும், தனியா விட்டுட்டு வந்தேன் பாரு. அண்ணி முதுகுல தூக்கிட்டுப் போனாங்களா? சொந்தத் தங்கச்சிக்கு நான் செய்யாதத அவங்க செஞ்சிருக்காங்க" என்று என் காலில் விழுந்துவிட்டான். தூக்கினேன். மீதியைச் சொல்லாமலேயே கொட்டகைக்குக் கூட்டிவந்தேன்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்புகிறான். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி வாக்கில் சியோலில் இருப்பான். நேற்று டம்மாம் கடைத்தெருவுக்குப் போய் உனக்கு ஒரு தங்க மோதிரம் வாங்கிவந்தான். என்னிடம் காட்டி, "அண்ணிக்கு அளவு சரியா இருக்குமா?" என்று கேட்டான். நான் என் சுண்டுவிரலில் போட்டுப் பார்த்து, சரியாக இருக்கும் என்றேன்.

நான் கோழை. யோசனை சொல்ல மட்டும் முந்திக்கொண்டு வந்தேன். நீ என்ன சொல்கிறாயோ அதுதான். அவனிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தால் சொல்லாதே, நான் சாகும்வரை வாய் திறக்கமாட்டேன். சுன்ரேக்கு எப்படியும் நினைவில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

மன்கி


சியோல்,
8 பிப்ரவரி 1979

ஜின்ஜு அப்பாவுக்கு,

யாருக்கும் தெரியப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் எனக்கும் தெரிந்தது போதாதா? அவனிடம் பாதியைச் சொல்லி மீதியை என் தலையில் வைத்துவிட்டீர்கள். மோதிரத்துக்கு அளவு வேறு பார்த்திருக்கிறீர்கள். படித்தபோது அடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. பிறகு, நானும் ஆஸ்பத்திரியில் இதைத்தானே செய்தேன் என்று தோன்றியது. நீங்கள் அழுதிருப்பீர்கள், தெரியும்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே சுன்ரேயிடம் சொல்லிவிட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தினமும் நான்தான் துணியைச் செருகினேன், கதவைத் திறப்பதற்கு முன்னால் நான்தான் எடுத்து ஒளித்தேன், டாக்டர் கேட்டபோது உன் மேல் பழி விழட்டும் என்று நான்தான் சும்மா இருந்தேன். அவள் பூண்டைக் கீழே வைத்தாள். "நான்தான் வேணாம்னு சொன்னேனே அக்கா" என்றாள். அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள், இரவு சாப்பிடவில்லை. நான் பின்பக்கம் போய் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஆனால் அன்று நிம்மதியாகத் தூங்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது, அப்படித் தூங்கினேன்.

காலையில் அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, என்னால உங்களுக்கு எவ்ளோ சிரமம். ஓட்டையப் பாக்காம படுத்துட்டேனே, மன்னிச்சிடுங்க" என்றாள்.

ஒன்றுமே இல்லை. நான் சொன்னது அவளிடம் இல்லை. ஒருதரம் சொல்லிவிட்டோமே, அது போதும், அவள் மறந்ததற்கு நான் என்ன செய்ய என்று அன்று முழுக்கப் பேசாமல் இருந்தேன். அவளும் அன்று முழுக்கக் குற்றவாளி மாதிரி எனக்குப் பாத்திரம் எடுத்துக் கொடுத்துக்கொண்டும், நடுங்குகிற கையால் தரையைத் துடைத்துக்கொண்டும் இருந்தாள். செய்யாத தப்புக்கு! ஜின்ஜு வந்து, "அம்மா, சுன்ரே சித்தி ஏன் உன்கிட்ட எப்பப் பாத்தாலும் மன்னிப்புக் கேக்கறாங்க?" என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

மறுநாள் மறுபடி சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். இப்போது தினமும் காலையில் அவள் மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடப் பார்க்கிறேன். அவளுக்கு ஒவ்வொரு நாளும் அது புதுச் செய்தி. ஒருநாள் பூண்டுக் கிண்ணத்தை என் மேல் எறிந்தாள். ஒருநாள் "போனாப் போவுது விடுங்க அக்கா" என்று சிரித்தாள், அதுதான் தாங்க முடியவில்லை. நேற்று, "என் கையக் குடுங்க, என் கையத் திருப்பிக் குடுங்க" என்று கத்தினாள், சந்தே கூடிவிட்டது. அவர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னேன். பக்கத்து வீட்டு அம்மா இன்று என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தட்டும். ஆனால் இன்று காலையில் சந்தில் பல அடுப்புகளில் ஓட்டை திறந்திருந்தது, பார்த்தேன். ஜன்னல் பிளாஸ்டிக்கை நம் வீட்டில் பிய்த்துப் போட்டாயிற்று. கட்டி சீக்கிரம் எரிந்துபோகிறது, தரை சுடுகிறது, அவள் காலை நீட்டித் தூங்குகிறாள்.

டாக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தினமும் சொல்லணும்னு அவசியம் இல்லம்மா, அந்தப் பொண்ணுக்கும் கஷ்டம்தானே" என்றார். அதையும் யோசித்துப் பார்த்தேன். எது அவளுக்கு நல்லது, எது எனக்கு நல்லது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. சொன்னால் அவள் ஒருநாள் முழுக்க என்னை வெறுக்கிறாள். சொல்லாவிட்டால் தன்னையே வெறுக்கிறாள். என்னை வெறுக்கட்டும்.

நீங்கள் தல்சுவுக்கு எதுவும் எழுத வேண்டாம், சொல்லவும் வேண்டாம். விமான நிலையத்துக்கு நானே போகிறேன். மோதிரத்தை அவன் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன். தினமும் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது, தடுமாறமாட்டேன். அவனுக்கு ஒருதரம் சொன்னால் போதும். அவன் மறக்கமாட்டான்.

துசிம்